பாங்காக்கில் எட்டு மணி நேரம்: வாட் போ, வாட் அருண், தங்க புத்தர் – எதற்குக் காசு கொடுக்கலாம்?

சென்னையில் நள்ளிரவு தாண்டி விமானம் ஏறி, விடியற்காலையில் பாங்காக் சுவர்ணபூமியில் இறங்குகிறீர்கள். அடுத்த விமானம் பிற்பகலிலோ மாலையிலோதான். இடைப்பட்ட நேரத்தில் ஊருக்குள் போய் புத்த கோயில்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? முடியும். ஆனால் இணையத்தில் சுற்றும் ‘ஒரே நாளில் ஆறு கோயில்’ பட்டியலை நம்பினால் ஆறையும் வாசலிலிருந்து மட்டும் பார்த்துவிட்டு வருவீர்கள். எட்டு மணி நேர இடைவெளிக்கு ஒரு கோயிலை ஆற அமரப் பார்க்கலாம், இன்னொன்றைச் சுற்றி வரலாம். அந்த ஒன்று வாட் போ (‘வாட்’ என்றால் கோயில்), இன்னொன்று ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வாட் அருண். பத்து மணி நேரம் கிடைத்தால், திரும்பும் வழியில் வாட் திரைமித்தின் தங்க புத்தரையும் சேர்த்துக்கொள்ளலாம். அரண்மனை வளாகத்து மரகத புத்தர் இந்தக் கணக்கில் வர மாட்டார். ஏன் என்பது கீழே.

முதலில் நேரக் கணக்கு. விமானம் தரை தொட்டதிலிருந்து குடிநுழைவு தாண்டி வெளியே வர ஒரு மணி நேரம் என்று வையுங்கள். காலையில் நாலைந்து பெரிய விமானங்கள் சேர்ந்து இறங்கினால் ஒன்றரை மணியும் ஆகும். ஊருக்குள் போக ஒன்றேகால் மணி, திரும்ப ஒன்றேகால் மணி. அடுத்த விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னதாக விமான நிலையத்துக்குள் இருக்க வேண்டும். எட்டில் இவ்வளவையும் கழித்தால் கையில் நிற்பது இரண்டு மணி நேரம்தான். ஆறு மணி நேர இடைவெளியில் வெளியே போக நினைப்பவர்கள் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு உள்ளேயே உட்காருவது நல்லது.

கிளம்பும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. தேடினால் முதலில் வந்து நிற்கும் பளபளப்பான தளங்கள் சில காசு கேட்கும். அவை அரசுத் தளங்கள் அல்ல, மூடிவிடுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகிற விஷயம். போன வருஷம் போய் வந்த நண்பர் சொன்னதை நம்பாமல், டிக்கெட் எடுக்கும்போது ஒரு முறை, கிளம்பும் வாரத்தில் ஒரு முறை தூதரகத் தளத்தில் பாருங்கள்.

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பெட்டி நேராகக் கடைசி ஊருக்கே போய்விடும். சென்னை கவுன்டரில் ஒட்டும் சீட்டில் எந்த ஊரின் குறியீடு இருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து, விமான நிலையத்தில் இருக்கும் பொருள் காப்பகத்தில் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதற்கு அரை மணி நேரம் கூடுதலாகச் சேருங்கள். மலிவு விமானங்கள் பலவும் இறங்குவது டான் மியாங் என்ற பழைய விமான நிலையத்தில். இரண்டும் ஊரின் வெவ்வேறு மூலையில் இருப்பவை. டான் மியாங்கில் இறங்கி சுவர்ணபூமியில் ஏறுகிறவர்கள் கோயில் ஆசையை அடுத்த முறைக்கு ஒத்திப்போடலாம்.

இனி வழி. டாக்சி வேண்டாம். மீட்டர் 35 பாட் (தாய்லாந்து நாணயம்) என்றுதான் தொடங்குகிறது, கூட 50 பாட் விமான நிலையக் கட்டணம், விரைவுச் சாலைச் சுங்கம் தனி, அதெல்லாம் தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாதது பாங்காக் காலை நெரிசல். நாற்பது நிமிஷப் பயணம் ஒன்றரை மணி ஆவது அங்கே செய்தியே இல்லை. ரயிலுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

சுவர்ணபூமியின் அடித்தளத்துக்கு இறங்கினால் ஏர்போர்ட் ரயில் லிங்க் நிலையம். ரயில் காலை ஐந்தரை வாக்கில் ஓடத் தொடங்கி நள்ளிரவு வரை ஓடுகிறது. பணம் மாற்றுவதையும் இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்: மேலே வருகைக் கூடத்தில் கண்ணைப் பறிக்கும் வங்கிக் கவுன்டர்களை விட, கீழே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைகள் கொடுக்கும் விலை நன்றாக இருக்கும். ஏடிஎம்மில் எடுத்தால் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள். ஆயிரம் பாட்டுக்காக அதைக் கொடுப்பது வீண். ஒருவருக்கு 1,000 பாட் ரொக்கம் இந்தச் சுற்றுக்குத் தாராளம். பெரிய நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கோயில் கவுன்டரில் வாங்கிக்கொள்வார்கள், ஐந்து பாட் படகுக்காரரிடம் ஆயிரம் பாட் நோட்டை நீட்ட முடியாது.

மக்கசான் நிலையத்துக்கு டிக்கெட், 35 பாட், ஏறக்குறைய 25 நிமிஷம். விமான நிலையம் முதல் நிறுத்தம் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். அடுத்தடுத்த நிறுத்தங்களில் அலுவலகக் கூட்டம் ஏறி, மக்கசானில் இறங்குவதே ஒரு காரியமாகிவிடும். பெட்டியோ பையோ இருந்தால் கதவுப் பக்கமாகவே நில்லுங்கள். மக்கசானில் இறங்கி, நடைமேம்பாலம் வழியாக ஐந்தாறு நிமிஷம் நடந்தால் எம்ஆர்டி சுரங்க ரயிலின் பெட்சபுரி நிலையம். பெயரைக் கேட்டால் நம்மூர் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கும். வஜ்ரபுரி என்பதுதான் தாய் நாக்கில் அப்படி ஆகியிருக்கிறது. எம்ஆர்டி வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், காட்டிவிட்டுப் போகலாம். விசா, மாஸ்டர்கார்டு தொடு அட்டை இருந்தால் கதவிலேயே தட்டிவிட்டு உள்ளே போகலாம், டோக்கன் வரிசை மிச்சம்.

நிறையப் பேர் கோட்டை விடுவது இந்த நிலையத்தில்தான். எம்ஆர்டியின் நீலத் தடம் வரைபடத்தில் ஒன்பது என்ற எண்ணை எழுதியது போல ஒரு வளையமும் ஒரு வாலுமாக இருக்கும். பெட்சபுரியிலிருந்து ஒரு பக்கம் போகும் ரயிலில் ‘லக் சோங்’ என்றும், எதிர்ப்பக்கம் போகும் ரயிலில் ‘தா ப்ரா’ என்றும் போட்டிருக்கும். வரைபடத்தில் தா ப்ரா நம் இறங்குமிடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே என்று அதில் ஏறினால், அது வடக்கே பாங் சூ வழியாக ஊரையே சுற்றிக்கொண்டு போகும். போகும்போது ஏற வேண்டியது லக் சோங் ரயில். பத்தாவது நிறுத்தம் சனம் சாய். நிலையமே அரண்மனைக் கூடம் போல, சிவப்பும் பொன்னும் வேய்ந்த கூரையும் தூண்களுமாக இருக்கிறது, 2019-இல் திறந்தது. நின்று பார்க்கத் தோன்றும், அதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். 1-ஆம் எண் வாசலில் வெளியேறி வடக்கே ஐந்து நிமிஷம் நடந்தால் வாட் போவின் தெற்கு மதில்.

அந்த மதிலோரமாக நடக்கும்போதுதான் முதல் தூண்டில் விழும். நன்றாக உடுத்திய, நல்ல ஆங்கிலம் பேசும் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, ‘கோயில் இன்று மத்தியானம் வரை மூடியிருக்கிறது, விசேஷ பூஜை’ என்பார். ‘அதற்குள் இருபது பாட்டுக்குத் துக்துக்கில் வேறு மூன்று கோயில் காட்டுகிறேன்’ என்பார், அல்லது அப்படி ஒரு துக்துக்கைக் கூப்பிடுவார். அந்த வண்டி கடைசியில் நிற்பது ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோ. அங்கே அழைத்துப் போவதற்குத்தான் ஓட்டுநருக்குக் காசு. வாட் போ எல்லா நாளும் காலை 8 மணிக்குத் திறக்கும். பதில் சொல்லாமல் டிக்கெட் கவுன்டர் வரை நடந்துவிடுங்கள். மூடியிருந்தால் கவுன்டரே சொல்லும்.

உடை விஷயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே விதிதான். சுடிதார், சேலை, முழு பேன்ட், அரைக்கை சட்டை எதுவும் போதும். அரைக்கால் சட்டையோடு வந்துவிட்டால் வாசலில் யானைப் படம் போட்ட பருத்திக் காற்சட்டை விற்பார்கள். பேரம் பேசினால் 150 பாட்டுக்குள் முடியும். செருப்பு, கழற்றி மாட்ட எளிதானதாக இருக்கட்டும். கயிறு கட்டும் ஷூவோடு வந்தால் ஒவ்வொரு சன்னதிக்கும் குனிந்து நிமிர்வதிலேயே கால் மணி போய்விடும்.

வாட் போ நுழைவுக் கட்டணம் 300 பாட். 2024 தொடக்கத்தில் 200-இலிருந்து ஏற்றினார்கள். ஏற்றியபின்னும் பாங்காக்கில் கொடுத்த காசுக்கு நிறைவு தரும் கோயில் இதுதான். இதன் முழுப் பெயரில் ‘சேதுபோன்’ என்று வருவது ஜேதவனம். புத்தர் பல மழைக்காலங்கள் தங்கிய அதே வனத்தின் பெயர். ‘போ’ என்பது போதியின் சுருக்கம். எல்லோரும் முதலில் ஓடுவது கிடந்த புத்தரிடம். நீங்களும் அதையே செய்யுங்கள், ஏனென்றால் ஒன்பதரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் கூட்டம் கூட்டமாக இறக்கிவிடும். அதன் பிறகு அந்தக் கூடத்தில் முன்னால் இருப்பவரின் முதுகுதான் தரிசனம்.

சிலை 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். தாய்லாந்து அரசர் மூன்றாம் ராமர் காலத்தில், 1832-இல் செய்தது. உள்ளே செங்கல், மேலே சுதை, அதற்கு மேல் பொன் தகடு. முதலில் சிலையைச் செய்துவிட்டு அதைச் சுற்றிக் கூடத்தைக் கட்டினார்கள் என்பதால், விலகி நின்று முழுசாகப் பார்க்க இடமே இல்லை. தூண்களுக்கு நடுவே முகம், பிறகு தோள், பிறகு இடுப்பு என்று துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்தில் பத்மநாபரை மூன்று வாசல் வழியாகச் சேவித்தவர்களுக்கு இது புதிதல்ல. பெருமாள் சயனம் என்றால் நமக்கு யோகநித்திரை. இவரது சயனமோ பரிநிர்வாணம், வலப்பக்கம் சாய்ந்து வலக்கையில் தலை தாங்கிய சிம்மசயனம். முழு உருவமும் ஓரளவு ஒரே படத்தில் விழ வேண்டுமானால் பாதத்துப் பக்கக் கோடியில், சுவரோரமாக நின்று முகத்தை நோக்கி எடுங்கள்.

அந்தக் கோடியில் அவசரப்படாமல் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். பத்துக் கால்விரல்களும் ஒரே நீளம். ஒவ்வொரு விரல் நுனியிலும் ரேகை, சுழி சுழியாக. உள்ளங்கால்கள் கறுப்பு, அதில் முத்துச்சிப்பி பதித்து, நடுவே சக்கரமும் அதைச் சுற்றிக் கட்டம் கட்டமாக 108 மங்கலச் சின்னங்களும். சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் சிப்பி வெள்ளையிலிருந்து இளஞ்சிவப்புக்கும் பச்சைக்கும் மாறும். நேராக நின்று ஃபிளாஷ் போட்டு எடுக்கிறவர்களின் படத்தில் இது வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் வரும். ஃபிளாஷை அணைத்துவிட்டுச் சாய்வாக எடுங்கள்.

பாதத்தைச் சுற்றி முதுகுப் பக்கம் திரும்பினால் ‘டிங், டிங்’ என்று ஓயாத சத்தம். சுவரோரம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். 20 பாட் கொடுத்தால் ஒரு சின்னக் கிண்ணம் நிறையச் சில்லறை கொடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காசாகப் போட்டுக்கொண்டே போவது. குழந்தைகளோடு வந்தவர்களுக்கு இது நல்ல வேலை. ஆனால் எல்லோரும் கையில் காசும் கண்ணில் கிண்ணமுமாக இருக்கும் இந்தச் சந்துதான் ஜேப்படிக்காரர்களுக்குப் பிடித்த இடம். எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் இருக்கும் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். இடைநிறுத்தப் பயணிக்கு அது தொலைந்தால் போவது கோயில் மட்டுமல்ல.

கிடந்த புத்தரைப் பார்த்ததும் கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். பாதி டிக்கெட்டை அங்கேயே கிழித்துப் போடுவதற்குச் சமம் அது. கிழக்கே நடந்தால் பச்சை, வெள்ளை, மஞ்சள், நீலம் என நான்கு பெரிய சேதியங்கள், அதாவது தூபிகள், பீங்கான் பதித்தவை, முதல் நான்கு ராம அரசர்களுக்கு ஒவ்வொன்று. அதைத் தாண்டி மூலக் கூடம், சுற்றிலும் பிராகாரம் போல இரட்டைத் திருச்சுற்று. அதில் வரிசை வரிசையாகப் பொன் பூசிய புத்தர்கள். கூடத்தின் வெளிச்சுவர் அடியில் முழங்கால் உயரத்தில் 152 பளிங்குப் புடைப்புகள், எல்லாம் ராமாயணக் காட்சிகள், தாய் வடிவான ராமகியென். முக்கால்வாசிப் பேர் இதைக் கவனிக்காமலே படி ஏறிவிடுவார்கள். அனுமனை அடையாளம் காண ஒரு கணம்கூட ஆகாது.

இன்னொன்று, கல்வெட்டுகள். மூன்றாம் ராமர் இந்தக் கோயிலை ஒரு திறந்த பள்ளிக்கூடமாக நினைத்து, மருத்துவம், செய்யுள், அறநெறி என்று அறிந்ததையெல்லாம் கல்லில் வெட்டி மண்டபச் சுவர்களில் பதித்தார். 1,400-க்கு மேற்பட்ட இந்தக் கல்வெட்டுகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் உள்ளன. மண்டபம் ஒன்றில் மனித உடலை வரைந்து, நரம்புத் தடங்களையும் அழுத்த வேண்டிய புள்ளிகளையும் குறித்த பலகைகள் இருக்கின்றன. எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் படம் புரியும். பக்கத்துச் செயற்கைக் குன்றுகளில் கையையும் காலையும் விதவிதமாக முறுக்கிக்கொண்டு நிற்கும் சின்னச் சிலைகள் ரிஷிகள், அதாவது முனிவர்களின் ஆசனங்கள். தாய் மசாஜ் பள்ளி இந்தக் கோயிலில் இயங்குவதற்குக் காரணம் இந்தக் கல்வெட்டு மரபுதான். வளாகத்துக்குள்ளேயே மசாஜும் உண்டு, நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் காத்திருப்பு எவ்வளவு என்று முன்னாலேயே சொல்ல முடியாது. விமான நேரத்தை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் உட்காராதீர்கள். வாட் போவுக்கு மொத்தம் ஒன்றரை மணி. அதற்குக் குறைத்தால் நஷ்டம், கூட்டினால் வாட் அருண் போய்விடும்.

மேற்குப் பக்க வாசலில் வெளியேறி மகராஜ் சாலையைக் கடந்தால், கருவாட்டுக் கடைகளுக்கு நடுவே ஒரு சந்து தா தியன் படகுத்துறைக்குப் போகும். அக்கரைப் படகு 5 பாட், ஐந்து நிமிஷத்துக்குள் போய்விடும், பத்து நிமிஷத்துக்கு ஒன்று. இங்கேயும் சிலர் நூறு இருநூறு பாட்டுக்குத் தனிப்படகு என்று மடக்குவார்கள். ‘அக்கரை’ என்பதற்கு மேல் எதுவும் பேசாமல், ஊர்க்காரர்கள் நிற்கும் வரிசையில் நில்லுங்கள்.

வாட் அருண், அருணனின் பெயரில் அமைந்த விடியல் கோயில். பழைய 10 பாட் நாணயத்தின் பின்பக்கம் இருப்பது இதன் கோபுரம். கட்டணம் 200 பாட். உண்மையைச் சொன்னால், நேரமோ காசோ இறுகினால் இதற்கு உள்ளே போகாமலே சமாளிக்கலாம்: காலை வெயில் கிழக்கிலிருந்து விழுவதால், தா தியன் பக்கத்திலிருந்தும் படகிலிருந்தும் கோபுரம் முழுசும் பளிச்சென்று தெரியும், 5 பாட் செலவில். அப்படியானால் 200 எதற்கு? கிட்டே போய்ப் பார்ப்பதற்கு. தூரத்தில் வெண்கல் சிற்பம் போல் தெரிந்தது கைநீட்டும் தூரத்தில் பீங்கான் துண்டுகளாக மாறும். ஒவ்வொரு பூவும் உடைந்த சீனத் தட்டுகளால் ஆனது. இதழின் ஓரத்தில் தட்டின் வளைந்த விளிம்பு அப்படியே இருக்கும். நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பதித்திருப்பார்கள். நீலக் கோட்டில் வரைந்த இலையொன்று பாதியில் அறுந்து அடுத்த துண்டில் வேறொரு பூவாகத் தொடரும். அதற்கிடையே கடல் சிப்பிகள். 2013 முதல் 2017 வரை பழுது பார்த்தார்கள். பழைய கறை போய் ரொம்ப வெளுத்துவிட்டது என்று அப்போது ஊரிலேயே சண்டை.

கோபுரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும் அரக்கர், குரங்கு வரிசைகளைச் சுற்றி வந்து பாருங்கள். மூலக் கூட வாசலில் இரண்டு பெரிய காவல் யட்சர்கள். பச்சை நிறத்தவர் தோசகன். பெயரைப் பிரித்தால் தசகண்டன், நம் ராவணன்தான். வெள்ளை நிறத்தவர் சகஸ்ரதேஜன். புத்தர் கோயிலுக்கு ராவணன் காவல் என்பதில் அங்கே யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை.

கோபுரத்தின் நடுத் தளம் வரைதான் விடுவார்கள். படிகள் செங்குத்து, ஒவ்வொன்றும் ஏறக்குறைய முழங்கால் உயரம். ஏறுவதை விட இறங்குவதுதான் சோதனை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக இறங்குங்கள். முட்டிவலி உள்ளவர்கள் கீழ்ச்சுற்றோடு நிறுத்திக்கொண்டால் எதையும் பெரிதாக இழக்க மாட்டார்கள். இங்கே பெரிய தொந்தரவு வேறு: தாய் பட்டு உடையை வாடகைக்கு எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளும் கூட்டம். சுற்றுவட்டாரக் கடைகள் அத்தனையும் இந்தத் தொழில்தான். பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு படியிலும் ஒரு படப்பிடிப்பு நடக்கும், ஒதுங்கி நின்றே கால் வலிக்கும். வாட் அருணுக்கு ஒரு மணி நேரம் போதும். எட்டு மணி நேரமே உள்ளவர்கள் உள்ளே போகாமல் படகிலிருந்தோ தா தியன் கரையிலிருந்தோ பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

ஏன் அரண்மனையை விட்டோம் என்று இப்போது சொல்லலாம். வாட் போவிலிருந்து நடக்கும் தூரம்தான். வாட் ப்ரா கேவ் என்ற மரகத புத்தர் கோயில் அதற்குள் இருக்கிறது. கட்டணம் 500 பாட், டிக்கெட் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை. பொன்னும் கண்ணாடியும் இழைத்த வேலைப்பாடு அங்கே இருப்பது போல் வேறெங்கும் இல்லை, 178 கட்டங்களில் ராமகியென் சுவரோவியமும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் வாசலில் பரிசோதனை வரிசை, உடைப் பரிசோதனை, டிக்கெட் வரிசை, பிறகு உள்ளே தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். கையில்லாத சட்டைக்கு மேல் துப்பட்டா போர்த்தினால்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மரகத புத்தர் 66 சென்டிமீட்டர் உயரமே. மிக உயரத்தில் வீற்றிருப்பதால் முகம் பார்க்கவே கண்ணைச் சுருக்க வேண்டும், படம் எடுக்கத் தடை. கோடை, மழை, குளிர் என்று மூன்று பருவத்துக்கு மூன்று பொன்னாடை, மாற்றுவது அரசர். இதையெல்லாம் நிதானமாகப் பார்க்க இரண்டரை மணி வேண்டும். அரசச் சடங்குகள் இருந்தால் முன்னறிவிப்போடு மூடவும் செய்வார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைத்தால் மட்டும் போங்கள். அப்போதும் முதல் ஆளாக 8.30-க்கு.

பத்து மணி நேரம் உள்ளவர்களுக்கு வாட் திரைமித் சரியான மூன்றாவது. திரும்பும் ரயில் பாதையிலேயே, சனம் சாயிலிருந்து மூன்றாவது நிறுத்தமான ஹுவா லம்போங்கில் இறங்கி ஏழெட்டு நிமிஷ நடை. 100 பாட். பளிங்குக் கட்டடத்தின் உச்சித் தளத்தில் மூன்று மீட்டர் உயர புத்தர், ஐந்தரை டன் தங்கம், பழைய சுகோதாய் அரசின் காலத்துக் கலை. பல தலைமுறையாக அது வெறும் சுதைச் சிலை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தகரக் கொட்டகையில் கிடந்தது. 1955-இல் இடம் மாற்றத் தூக்கியபோது கயிறு அறுந்து விழ, சுதை பெயர்ந்து உள்ளே மின்னியது. பார்க்க இருபது நிமிஷம் போதும், அதற்கு மேல் அங்கே வேலை இல்லை. கீழ்த்தளங்களில் உள்ள கண்காட்சிக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

திரைமித்துக்குப் பதிலாகத் தமிழருக்கென்று ஒரு மாற்று உண்டு. சனம் சாய்க்கு அடுத்த சாம் யோட் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் வாட் சுதத், வாசலில் 21 மீட்டர் உயரச் சிவப்பு ஊஞ்சல் கம்பம். 1930-களில் ஊஞ்சலாட்டம் நின்றுபோனது. ஆனால் அந்த விழாவின் பெயர் ‘த்ரியம்பவாய் த்ரிபவாய்’, திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். பக்கத்திலேயே அரண்மனைப் பிராமணர்களின் தேவஸ்தானம். மார்கழிப் பாட்டு கடல் கடந்து போய் ஒரு கம்பத்தின் பெயரில் நிற்பதைப் பார்க்க அரை மணி செலவழிக்கலாம்.

சாப்பாடு. சைவம் என்று ஆங்கிலத்தில் சொன்னால் தலையாட்டிவிட்டு மீன் சாறு ஊற்றிக் கொண்டுவருவார்கள். அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி. ‘ஜே’ என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். மஞ்சள் துணியில் சிவப்பாக அந்த எழுத்து போட்ட கடைகளில் முட்டை, மீன் சாறு, பூண்டு, வெங்காயம் எதுவும் இருக்காது. தா தியன் சந்தில் நேரம் இல்லாதவர்களுக்கு மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசியும் போதும், வயிற்றையும் கெடுக்காது. ஏப்ரல் வெயிலில் வருகிறவர்கள் தண்ணீரைக் குறைக்க வேண்டாம்.

திரும்பும் ரயிலில் முன்பு சொன்ன பெயர்கள் தலைகீழாகும்: சனம் சாயில் இப்போது ஏற வேண்டியது பாங் சூ வழியாகப் போகும் தா ப்ரா ரயில். பெட்சபுரியில் இறங்கி, மேம்பாலம் ஏறி மக்கசான். பகலில் விமான நிலைய ரயில் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்றுதான். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நின்றாக வேண்டும், அந்தக் கால் மணியை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். வாட் போ டிக்கெட்டோடு கொடுத்த தண்ணீர் பாட்டில் இன்னும் பையில் கிடந்தால் மக்கசான் நடைமேடையிலேயே குடித்து முடித்துவிடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் எப்படியும் பிடுங்கிக்கொள்வார்கள்.